இலவச மென்பொருளை எதை நம்பி எடுப்பது? சிறு தொண்டு அமைப்புகளுக்கான விளக்கம்

2025-ஆம் ஆண்டில் வந்த இரண்டு செய்திகள், குறைந்த பணத்தில் இயங்கும் தொண்டு அமைப்புகள் பலவற்றைக் குழப்பத்தில் ஆழ்த்தின.

முதலாவது மைக்ரோசாஃப்டின் அறிவிப்பு. தொண்டு அமைப்புகளுக்கு 10 பேர் வரை இலவசமாகக் கொடுத்துவந்த 'மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம்' உரிமங்களை 2025 ஜூலை 1-க்குப் பிறகு புதுப்பிக்கும் தேதி வரும்போது நிறுத்திக்கொள்வதாக அந்த நிறுவனம் சொன்னது. அதற்குப் பதிலாக 300 பேர் வரை 'பிசினஸ் பேசிக்' இலவசம். வேறு திட்டம் வேண்டுமென்றால் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேசிக் திட்டத்தில் வேர்டும் எக்செலும் பிரவுசரிலும் கைப்பேசியிலும் மட்டுமே கிடைக்கும். கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் பதிப்பு கிடையாது. நெட் அடிக்கடி அறுந்துபோகும் இடத்தில் வேலை செய்கிற அமைப்புக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

இரண்டாவது, செப்டம்பரில் வெளிவந்த ஹேக் கிளப் விவகாரம். பதின்ம வயதினருக்கு நிரல் எழுதக் கற்றுத்தரும் தொண்டு அமைப்பு அது. பதினோரு ஆண்டுகளாகத் தன் உரையாடல்கள் அனைத்தையும் குழுவாகப் பேசிக்கொள்ள உதவும் ஸ்லாக் தளத்தில்தான் வைத்திருந்தது. ஆண்டுக்கு 5,000 டாலர் கட்டிவந்த அந்த அமைப்பிடம், ஒரு வாரத்துக்குள் 50,000 டாலரும் அதன்பின் ஆண்டுக்கு 2,00,000 டாலரும் கேட்கப்பட்டது. விஷயம் வெளியே பரவி எதிர்ப்புக் கிளம்பிய பிறகு ஸ்லாக் பின்வாங்கியது. ஹேக் கிளப்புக்குக் குரல் கொடுக்க ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். ஐந்து பேர் நடத்தும் ஒரு சிறு அமைப்புக்கு அப்படி ஒரு கூட்டம் திரண்டிருக்காது.

'அப்படியானால் எதுதான் நிஜமாகவே இலவசம்?' என்று பலரும் கேட்கிறார்கள். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும். இந்தக் கருவியின் நிபந்தனை நாளைக்கே மாறினால், நம் தகவல்களோடு அதிலிருந்து வெளியே வர எத்தனை நாள் ஆகும்? இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றியே போகிறது.

## முதலில் சில சொற்கள்

சந்தா மென்பொருள். மென்பொருள் நம் கணினியில் இருக்காது. அதை உருவாக்கிய நிறுவனத்தின் சர்வரில் ஓடும். நாம் லாகின் செய்து பயன்படுத்துகிறோம். நாம் பதிவு செய்யும் தகவல்களும் அங்கேதான் தங்கும்.

ஓப்பன் சோர்ஸ். நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம், பயன்படுத்தலாம். உரிமத்துக்குக் கட்டணம் இல்லை. வேர்டுக்கும் எக்செலுக்கும் மாற்றான லிப்ரேஆஃபிஸ் பலருக்கும் தெரிந்த உதாரணம்.

ஹோஸ்டிங். ஒரு மென்பொருளை எந்நேரமும் இணையத்தில் ஓடவைக்க இடம் கொடுப்பது. மென்பொருள் இலவசமாக இருந்தாலும் இதற்குப் பெரும்பாலும் காசு உண்டு.

சிஆர்எம். நன்கொடையாளர், தன்னார்வலர், பயனாளி என நம்மோடு தொடர்புள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு. அவரோடு நடந்த பரிமாற்றங்கள் எல்லாம் அந்தப் பதிவின் கீழ் சேரும். தொண்டு அமைப்புகளின் வேலையில் பாதி இதைச் சுற்றித்தான் நடக்கிறது.

எக்ஸ்போர்ட். ஒரு கருவியில் உள்ள தகவல்களை வேறு கருவியில் திறக்கக்கூடிய கோப்பாக வெளியே எடுப்பது. எல்லா நிறுவனங்களும் 'எங்களிடம் இந்த வசதி உண்டு' என்றுதான் சொல்லும். வெளியே வருவது எவ்வளவு, எந்த நிலையில் வருகிறது என்பது வேறு விஷயம். அதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம்.

## இலவசத்தில் நான்கு விதம்

ஒவ்வொரு விதமும் ஒவ்வொரு முறையில் முடிவுக்கு வரும். அதனால் கையில் இருப்பது எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

1. எல்லை வைத்த இலவசம். குறிப்பிட்ட அளவு வரை காசு இல்லை, தாண்டினால் கட்டணம். ஜூமின் இலவசக் கூட்டம் 40 நிமிடத்தில் நின்றுவிடுவது இந்த வகை. இந்த எல்லைகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 10,000 செய்திகள் வரை பார்க்க முடிந்தது. 2022 செப்டம்பரில் அது கடைசி 90 நாள் என்று மாறியது. மொத்தமாக மின்னஞ்சல் அனுப்ப உதவும் மெயில்சிம்ப் 2,000 முகவரிகள் வரை இலவசமாகத் தந்தது. 2023-இல் அதை 500 ஆக்கியது. குறிப்பெடுக்கும் செயலியான எவர்நோட் 2023 டிசம்பரில் இலவசக் கணக்குகளை 50 குறிப்புகளுக்குள் அடக்கிவிட்டது. இலவசத் திட்டம் நிறுவனத்தின் விளம்பரச் செலவு. வருமானம் குறையும் காலத்தில் முதலில் கைவைக்கப்படுவது அதில்தான்.

2. தொண்டு அமைப்புகளுக்கான சலுகை. கூகுள், மைக்ரோசாஃப்ட், கேன்வா, சேல்ஸ்ஃபோர்ஸ் போன்றவை பதிவு பெற்ற தொண்டு அமைப்புகளுக்கென்று தனித் திட்டம் வைத்திருக்கின்றன. 1987-இல் தொடங்கப்பட்ட டெக்சூப் பல நிறுவனங்களின் மென்பொருள்களைச் சிறு கையாளும் கட்டணத்தில் தொண்டு அமைப்புகளுக்கு வாங்கித் தருகிறது. தகுதிச் சரிபார்ப்பு உண்டு. பதிவுச் சான்று இல்லாத குழுக்களுக்குக் கிடைக்காது. கூகுளின் திட்டத்தில் அரசு அமைப்புகள், மருத்துவமனைகள், பள்ளிகள் சேர முடியாது. இந்த வகை இலவசம் பொதுவாக எல்லை வைத்த இலவசத்தைவிடத் தாராளமானது. ஆனால் மைக்ரோசாஃப்ட் செய்தது போல ஓர் அறிவிப்பில் மாறக்கூடியது.

3. ஓப்பன் சோர்ஸ். உரிமத்தை யாரும் திரும்பப் பெற முடியாது. இருந்தாலும் பராமரிக்க ஆள் இல்லாமல் போனால் அந்த மென்பொருள் நமக்குப் பயனற்றதாகிவிடும்.

4. தெரிந்தவர் செய்துகொடுத்த இலவசம். கணினி தெரிந்த ஒரு தன்னார்வலர் தன் சொந்தக் கணக்கில் இணையதளம் அமைத்துத் தந்திருப்பார். அல்லது அவருக்கு மட்டுமே புரியும் ஒரு டேட்டாபேஸை எழுதியிருப்பார். நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் நான்கில் இதுதான் மிகவும் ஆபத்தானது. மற்ற மூன்றும் முடியும்போது பெரும்பாலும் ஏதாவது அறிவிப்பு வரும். இது முடியும்போது எதுவும் வராது. அவருக்கு வேலை மாறும், ஊர் மாறும், அவ்வளவுதான்.

## விலைப்பட்டியலில் வராத செலவு

மாதக் கட்டணம் பூஜ்யம் என்று பார்த்ததும் பலர் கணக்கை அங்கேயே முடித்துவிடுகிறார்கள். தொண்டு அமைப்பில் மிக அரிதான பொருள் பணம்கூட இல்லை, ஆட்களின் நேரம். ஒரு பதிவுப் படிவத்தில் வரும் விவரங்களை இன்னொரு ஷீட்டுக்குக் கையால் எடுத்து எழுத வாரத்துக்கு 3 மணி நேரம் ஆகிறது என்று வையுங்கள். ஆண்டுக்குச் சுமார் 150 மணி நேரம். அதாவது ஒரு முழுநேர ஊழியரின் கிட்டத்தட்ட நான்கு வாரங்கள். இந்த இரண்டையும் தானாக இணைக்கும் ஒரு கட்டணக் கருவி, அந்த நான்கு வாரச் சம்பளத்தைவிட மலிவாக இருந்தால் அதுதான் சிக்கனம்.

இலவசமாக வருவதும் நேரத்தைத் தின்னலாம். கூகுள் தொண்டு அமைப்புகளுக்கு மாதம் 10,000 டாலர் மதிப்புள்ள தேடல் விளம்பரங்களைத் தருகிறது. தொகையைப் பார்த்தால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் விளம்பரத்தைப் பார்ப்பவர்களில் குறைந்தது 5 சதவீதம் பேர் அதைச் சொடுக்க வேண்டும் என்பது உள்ளிட்ட நிபந்தனைகளை மாதாமாதம் காப்பாற்ற வேண்டும். சொற்களைத் தேர்ந்தெடுத்து, பயன் தராதவற்றை நீக்கி, விளம்பரங்களைத் திருத்திக்கொண்டே இருக்க ஓர் ஆள் தேவை. அந்த ஆள் இல்லாத அமைப்பு இதைத் தள்ளிப்போடலாம். அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

கட்டணத்தை எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். 'ஓர் ஆளுக்கு இவ்வளவு' என்ற முறை, ஊழியர் குறைவாகவும் தன்னார்வலர் அதிகமாகவும் உள்ள அமைப்புகளுக்குப் பொருந்தாது. ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் உதவ வரும் இருபது பேருக்கும் பன்னிரண்டு மாதமும் பணம் கட்ட வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்கப் பலர் ஒரே லாகினைப் பகிர்ந்துகொள்கிறார்கள். பிறகு யார் எதை அழித்தார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாது. மின்னஞ்சல் கருவிகளில் 'ஒரு முகவரிக்கு இவ்வளவு' என்ற முறை இருக்கும். மெயில்சிம்பில், 'இனி அனுப்பாதீர்கள்' என்று விலகிப் போனவர்களின் முகவரிகளும் அவற்றை ஆவணப்பகுதிக்கு மாற்றும் வரை கணக்கில் வரும். பட்டியலைச் சுத்தம் செய்யாத அமைப்பு, யாருக்கு மின்னஞ்சல் அனுப்பக்கூடாதோ அவர்களுக்காகவும் காசு கட்டிக்கொண்டிருக்கும்.

## கருவியைத் தேடும் முன் வேலையை எழுதுங்கள்

'நல்ல சிஆர்எம் எது?' என்று தேட ஆரம்பித்தால் முடிவே இருக்காது. அதற்கு முன் ஒரு தாளில் அமைப்பின் அன்றாட வேலைகளை வினைச்சொற்களாக எழுதுங்கள். நன்கொடைக்கு ரசீது அனுப்புகிறோம். மாதக் கூட்டத்துக்கு அழைக்கிறோம். வீடு வீடாகப் போய் விவரம் சேகரிக்கிறோம். நிதி கொடுத்தவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தருகிறோம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதை யார் செய்கிறார், எத்தனை முறை, எங்கே சிக்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படி எழுதிப் பார்த்தால் இரண்டு மூன்று வேலைகளில்தான் உண்மையான சிக்கல் இருப்பது தெரியும். மற்றவை இப்போது உள்ளபடியே ஓடட்டும். விற்பனைப் பக்கத்தில் இருக்கும் நாற்பது வசதிகளில் உங்களுக்குத் தேவையானது ஐந்து. அந்த ஐந்தும் நன்றாக வேலை செய்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பெரும்பாலும் கையில் இருக்கும் ஷீட்டே போதும், அது ஒழுங்காக இருந்தால். அதை ஒழுங்காக்குவது எப்படி என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். ஒரு நன்கொடைப் பதிவேட்டில் வழக்கமாக நடப்பது இது. ஒரே மனிதரின் பெயர் ஓரிடத்தில் இனிஷியல் முன்னால், ஓரிடத்தில் பின்னால், இன்னோரிடத்தில் இனிஷியலே இல்லாமல். ஷீட்டின் கண்ணுக்கு அவர் மூன்று பேர். கைப்பேசி எண் பூஜ்யத்தில் தொடங்கினால் எக்செல் அதை எண்ணாக நினைத்து முதல் பூஜ்யத்தை விழுங்கியிருக்கும். தேதி ஒருவர் நாளை முதலில் போட்டிருப்பார், இன்னொருவர் மாதத்தை. 'தொகை' என்ற கட்டத்துக்குள் '500, மீதி அடுத்த வாரம்' என்று எழுதியிருக்கும். ஆண்டு முடிவில் கூட்டல் போட்டால் அந்த வரி மட்டும் கணக்கில் சேராது.

இதைச் சரிசெய்ய மென்பொருள் வாங்க வேண்டாம். ஒவ்வொருவருக்கும் மாறாத ஓர் அடையாள எண் கொடுங்கள். ஆட்கள் ஒரு ஷீட்டில், நன்கொடைகள் இன்னொரு ஷீட்டில். இரண்டையும் அந்த எண் இணைக்கட்டும். ஒரு வரியில் ஒரு நன்கொடை மட்டும். தேதி 2025-03-14 என்ற வடிவில். தொகைக் கட்டத்தில் எண் தவிர வேறொன்றும் கூடாது. சொல்ல வேண்டியதற்குத் தனியாகக் 'குறிப்பு' என்று ஒரு பத்தி. கைப்பேசி எண் பத்தியை முன்கூட்டியே 'எழுத்து' வகையாக மாற்றிவிடுங்கள். கட்டங்களை ஒன்றாக இணைக்காதீர்கள். இவ்வளவும் ஒரு பிற்பகலில் முடிகிற வேலை. பின்னால் சிஆர்எம் வாங்கினாலும் இந்த ஒழுங்கு அப்படியே உதவும். குழம்பிய பட்டியலைப் புதுக் கருவிக்குள் ஏற்றினால் குழப்பமும் சேர்ந்தே போகும்.

ஷீட்டின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். 2020-இல் இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறையில் 15,841 கொரோனா தொற்றுப் பதிவுகள் அன்றாடக் கணக்கில் வராமல் விடுபட்டன. பழைய எக்ஸ்எல்எஸ் வடிவக் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் ஏறாது; அதைத் தாண்டியவை சத்தமில்லாமல் விழுந்துவிட்டன. உங்கள் அமைப்பு அவ்வளவு வரிகளை எட்டாது. ஆனால் 'சத்தமில்லாமல்' என்பது சிறிய ஷீட்டுக்கும் பொருந்தும்: தவறு நடந்தால் ஷீட் சொல்லாது. ஒரே ஆளின் வரலாற்றைப் பார்க்க நான்கு கோப்புகளைத் திறக்க வேண்டியிருந்தால், ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழிப்பது வாடிக்கையானால், அல்லது சிலருக்குச் சில பத்திகளை மறைத்தே ஆக வேண்டும் என்றால் சிஆர்எம் தேட ஆரம்பிக்கலாம்.

## வெளியேறும் வழியை முதலில் பாருங்கள்

ஒரு கருவியைச் சோதிக்கும்போது எல்லோரும் உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்கிறார்கள். வெளியே வந்து பாருங்கள். ஒரு மணி நேரம் போதும்.

1. பத்துக் கற்பனைப் பதிவுகளை உள்ளே இடுங்கள். சில பெயர்கள் தமிழில் இருக்கட்டும். ஒருவருக்கு இரண்டு நன்கொடைகள், ஒருவருக்கு நீளமான குறிப்பு, ஒருவருக்கு இணைப்பாக ஒரு படம்.

2. எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். இலவசத் திட்டத்திலேயே இதற்கு அனுமதி இருக்கிறதா, அல்லது கட்டணத் திட்டத்தில் மட்டுமா என்று பாருங்கள்.

3. வந்த கோப்பை வேறொரு மென்பொருளில் திறங்கள். இரண்டு நன்கொடைகளும் அந்த ஒரே ஆளோடு இணைந்திருக்கின்றனவா? குறிப்பு பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறதா? படம் வந்ததா, அல்லது படத்துக்கான இணைப்பு முகவரி மட்டும் வந்ததா?

கடைசிக் கேள்வி முக்கியம். இணைப்பு முகவரி மட்டும் வந்தால், கணக்கு மூடப்பட்டதும் படம் போய்விடும். ஸ்லாக்கின் எக்ஸ்போர்ட்டில் கோப்புகள் இப்படி முகவரிகளாகத்தான் வருகின்றன. அதோடு, இலவசத் திட்டத்தில் பொதுச் சேனல்களின் (குழுவில் எல்லாரும் பார்க்கும் உரையாடல் அறைகள்) உரையாடல்கள் மட்டுமே கிடைக்கும். தனிச் சேனல்களும் நேரடிச் செய்திகளும் வராது. பல அமைப்புகளில் நிர்வாகக் குழுவின் முடிவுகள் எல்லாம் தனிச் சேனலில்தான் இருக்கும்.

தமிழில் பதிவு வைப்பவர்களுக்கு இன்னொரு சோதனை. எக்ஸ்போர்ட் செய்த சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய உரை அட்டவணை) கோப்பை எக்செலில் நேரடியாக இரட்டைச் சொடுக்கில் திறந்தால், தமிழ்ப் பெயர்கள் எல்லாம் புரியாத குறியீடுகளாகத் தெரியலாம். தரவு கெட்டுவிட்டது என்று பயந்து பலர் அந்தக் கோப்பை அழித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் தரவு நன்றாகவே இருக்கும்; எக்செல் அதைத் தவறான எழுத்துக் குறியேற்றத்தில் (எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறை) படிக்கிறது. எக்செலின் தரவு மெனுவில் உரைக் கோப்பிலிருந்து கொண்டுவரும் வழியில் போய், குறியேற்றமாக யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துகள் சரியாகிவிடும். லிப்ரேஆஃபிஸ் திறக்கும்போதே இந்தக் கேள்வியைக் கேட்கும். குறியீடுகளாகத் தெரியும் நிலையிலேயே சேமித்து, மூலக் கோப்பின் மேல் எழுதிவிடாதீர்கள். அப்போதுதான் நிஜமாகவே கெடும்.

சோதனையில் தேறிய கருவியை எடுத்த பிறகும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழு எக்ஸ்போர்ட் எடுத்து அமைப்பின் சொந்த ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள். இப்படி வைத்திருக்கும் அமைப்பிடம் யாரும் 'ஒரு வாரத்துக்குள் கட்டு' என்று மிரட்ட முடியாது.

## கணக்கு யார் பெயரில் இருக்கிறது?

சிறு அமைப்புகள் தங்கள் தகவல்களை இழப்பது ஹேக்கர்களால் மட்டும் இல்லை. ஒருவர் பொறுப்பிலிருந்து விலகுகிறார். அவருடைய சொந்த ஜிமெயிலில் தொடங்கிய கணக்கு அவரோடு போகிறது. ஓடிபி அவருடைய கைப்பேசிக்குத்தான் வரும். மனக்கசப்போடு போயிருந்தால் கேட்கவும் முடியாது.

இதற்கான ஏற்பாடு எளிது, மலிவானதும்கூட. அமைப்பின் பெயரில் ஒரு டொமைன், அதாவது சொந்த இணைய முகவரி, வாங்குங்கள். ஆண்டுதோறும் கட்ட வேண்டிய சிறு தொகை. எந்த அமைப்பும் தவிர்க்கக்கூடாத ஒரே டிஜிட்டல் செலவு இது என்பது என் கருத்து. அந்த டொமைனில் பொறுப்பின் பெயரில் மின்னஞ்சல்கள் வையுங்கள்: செயலாளர், கணக்கு, தொடர்பு என்று. எல்லாக் கருவிகளையும் அந்த முகவரிகளில் தொடங்குங்கள். ஆள் மாறும்போது கடவுச்சொல்லையும் ஓடிபி வரும் கைப்பேசி எண்ணையும் மாற்றினால் போதும். மின்னஞ்சல் சேவையை மாற்ற நேர்ந்தாலும் முகவரி மாறாது, ஏனென்றால் டொமைன் உங்களுடையது. அதையும் தனிநபர் பெயரில் பதிவு செய்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு முக்கியக் கருவிக்கும் இரண்டு அட்மின்கள் இருக்கட்டும். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குங்கள். கணக்கைக் கைப்பற்ற நடக்கும் தானியங்கித் தாக்குதல்களில் 99.9 சதவீதத்தை அது தடுக்கிறது என்று மைக்ரோசாஃப்ட் 2019-இல் சொன்னது. கைப்பேசி தொலைந்தாலும் உள்ளே நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு, அமைப்பின் ஆவணங்களோடு பூட்டி வையுங்கள். கடவுச்சொற்களை வாட்ஸாப்பில் அனுப்பாமல் பிட்வார்டன், கீபாஸ்எக்ஸ்சி போன்ற கடவுச்சொல் பெட்டகங்களில் வையுங்கள். இரண்டையும் காசில்லாமல் பயன்படுத்தலாம்.

வாட்ஸாப் பற்றியும் ஒரு வார்த்தை. தகவல் சொல்ல அது அருமையான கருவி. பதிவேடாக வைத்துக்கொள்ள முடியாது. ரசீதுப் படங்கள், கள அறிக்கைகள், தீர்மானங்கள் குழுவில் வந்த அன்றே அமைப்பின் கோப்புறைக்குப் போக வேண்டும்.

## பயனாளிகளின் விவரம்

கருவித் தேர்வில் விலையைவிட முன்னால் வர வேண்டியது இது. நம்மை நம்பி விவரம் கொடுத்தவர்கள், எந்த மென்பொருளில் அது போய்ச் சேருகிறது என்று நம்மிடம் கேட்பதில்லை. கேட்கும் நிலையிலும் அவர்கள் இல்லை.

2022 ஜனவரியில், சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்தது தெரியவந்தது. 5,15,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அதில் அகப்பட்டன. போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமல் போனவர்கள், சிறையில் இருப்பவர்கள். ஒரு மென்பொருளுக்கான பாதுகாப்புத் திருத்தம் உரிய நேரத்தில் நிறுவப்படாததுதான் வழியைத் திறந்துவிட்டது.

2020-இல் பிளாக்பாட் என்ற நிதி திரட்டும் மென்பொருள் நிறுவனம் தாக்கப்பட்டபோது, அதைப் பயன்படுத்திய 13,000-க்கும் மேற்பட்ட அமைப்புகளின் தரவு பாதிக்கப்பட்டது. நிறுவனம் 2023-இல் அமெரிக்க மாநிலங்களுடன் 4.95 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. பிளாக்பாடைவிட்டு எப்போதோ விலகிய வாடிக்கையாளர்களின் தரவையும் நிறுவனம் தேவைக்கு மேல் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தது என்பது அமெரிக்க வணிக ஆணையத்தின் குற்றச்சாட்டு. ஆகவே ஒரு கருவியை விட்டுவரும்போது எக்ஸ்போர்ட்டோடு வேலை முடியவில்லை. 'எங்கள் தரவை அழித்துவிட்டீர்களா?' என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அதைவிட நல்லது, தேவையில்லாததைச் சேகரிக்காமலே இருப்பது. படிவத்தில் 'பிறந்த தேதி' கேட்கிறோம். வயது வரம்பு மட்டும் போதுமா என்று யோசியுங்கள். அடையாள அட்டை நகல் ஒருமுறை சரிபார்க்கத்தான் என்றால், பார்த்துவிட்டு அழித்துவிடலாம். நம்மிடம் இல்லாத விவரத்தை யாராலும் திருட முடியாது. இப்போது எல்லாரும் பயன்படுத்தும் ஏஐ உரையாடல் கருவிகளுக்கும் இதே நியதி: அறிக்கை எழுத உதவி கேட்கலாம், ஆனால் பயனாளியின் பெயரும் நோயும் குடும்பச் சிக்கலும் அடங்கிய கோப்பை அப்படியே ஒட்டாதீர்கள்.

## ஓப்பன் சோர்ஸ் எப்போது பொருந்தும்?

கணினியில் நிறுவும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களை இன்றே எடுக்கலாம். லிப்ரேஆஃபிஸ், கீபாஸ்எக்ஸ்சி போன்றவற்றில் தயங்க ஒன்றும் இல்லை.

சர்வரில் ஓட வேண்டியவை வேறு கணக்கு. கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட், நன்கொடையாளர் பதிவுக்குத் தொண்டு அமைப்புகளுக்கென்றே உருவான சிவிசிஆர்எம், இரண்டும் திறமையான மென்பொருள்கள். ஆனால் சர்வரை யார் கவனிப்பது? பாதுகாப்புத் திருத்தம் வந்த அன்று அதை நிறுவ யார் இருக்கிறார்? செஞ்சிலுவைச் சங்கம் போன்ற பெரிய அமைப்புக்கே அதில் தவறியது. பொறுப்பேற்க இரண்டு பேர் இல்லாவிட்டால் சொந்தமாக ஹோஸ்டிங் செய்ய வேண்டாம். அதே மென்பொருளைக் கட்டணத்துக்கு ஹோஸ்ட் செய்து பராமரிக்கும் நிறுவனங்கள் உண்டு. கட்டணம் கட்டினாலும், அந்த நிறுவனம் பிடிக்காவிட்டால் அதே மென்பொருளோடும் தரவோடும் இன்னொரு நிறுவனத்துக்குப் போகலாம். கையில் கொஞ்சம் பணமும் நீண்ட கால எண்ணமும் உள்ள சிறு அமைப்புக்கு, நான் முதலில் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான்.

## எந்த வேலைக்கு எது போதும்

மின்னஞ்சல், கோப்பு, காலண்டர் மூன்றுக்கும் கூகுள் அல்லது மைக்ரோசாஃப்டின் தொண்டுச் சலுகை போதும். இரண்டில் ஆட்களுக்குப் பழகியது எதுவோ அது. வீடியோ கூட்டத்துக்கு அதனோடு வருவதே போதும், அல்லது ஜிட்சி. போஸ்டருக்குக் கேன்வா. நெட் இல்லாத இடங்களில் கள விவரம் சேகரிக்க கோபோடூல்பாக்ஸ், ஓடிகே இரண்டும் ஆஃப்லைனில் சேமித்துப் பிறகு அனுப்பக்கூடியவை. கணக்கு வழக்குக்கு மட்டும் உங்கள் தணிக்கையாளரைக் கேட்டு முடிவெடுங்கள். அவர் படிக்க முடியாத வடிவில் கணக்கு வைத்தால் மிச்சப்பட்ட காசு தணிக்கைக் கட்டணத்தில் போய்விடும்.

## நிபந்தனை மாறும் என்ற அறிவிப்பு வந்தால்

1. புதுப்பிக்கும் தேதி எது என்று முதலில் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் விஷயத்தில் நடந்ததுபோல, அறிவிப்புத் தேதிக்கும் உங்கள் கணக்கு மாறும் தேதிக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி இருக்கலாம்.

2. அன்றே முழு எக்ஸ்போர்ட் எடுங்கள். முடிவை அப்புறம் எடுக்கலாம்.

3. அந்தக் கருவியை உண்மையில் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணுங்கள். பத்து உரிமங்களில் நான்கு ஆறு மாதமாகத் திறக்கப்படாமல் கிடக்கலாம். கணினிப் பதிப்பு தேவைப்படும் இரண்டு பேருக்கு மட்டும் தள்ளுபடியில் வாங்கி, மற்றவர்களை இலவசத் திட்டத்துக்கு மாற்றினால் செலவு தாங்கக்கூடிய அளவுக்கு வந்துவிடும்.

4. நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். அறிவிக்கப்படாத கால நீட்டிப்பும் தள்ளுபடியும் கேட்டவர்களுக்கே கிடைக்கின்றன.

5. மாறுவதென்று முடிவானால் பழையதையும் புதியதையும் ஒரு மாதமாவது சேர்த்து ஓட்டுங்கள். பழையதில் எழுதுவதை நிறுத்திவிட்டு, பார்க்க மட்டும் வைத்திருங்கள்.

அறிவிப்பு எதுவும் வராத அமைப்புகள் இந்த வாரம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரே பக்கத்தில் ஒரு கருவிப் பட்டியல்: கருவியின் பெயர், எந்த வேலைக்கு, எந்த மின்னஞ்சலில் தொடங்கியது, அட்மின்கள் யார் யார், கட்டணம், எந்த அட்டையிலிருந்து போகிறது, புதுப்பிக்கும் தேதி, கடைசியாக எக்ஸ்போர்ட் எடுத்த தேதி. புதுப்பிக்கும் தேதிக்கு 90 நாள் முன்பே காலண்டரில் நினைவூட்டல் போடுங்கள். பட்டியலின் ஒரு நகல் செயலாளரிடம், இன்னொன்று பொருளாளரிடம் இருக்கட்டும்.